மலையுச்சியிலிருந்து இறங்கி வந்தவள்

சினிமாக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு நியாயஸ்தலம் கூடுவது வழக்கம். கதாநாயகன் செய்தது சரிதானா, வில்லனுக்குக் கிடைத்த தண்டனை போதுமா, கதாநாயகி இத்தனை கண்ணீர் வடித்திருக்க வேண்டுமா என்று வாதப் பிரதிவாதங்கள் நடக்கும். வீட்டுப் பெரியவர் தீர்ப்புக் கூறுவார். பாட்டி அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்வாள். இப்பொழுது கூடத்தில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் காலமாகி விட்டபடியால், படம் முடியுமுன்பே நியாயஸ்தலம் கூடிவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நியாயஸ்தலத்தில் சாதாரணமாக எழாத கேள்வி ஒன்று உண்டு. தீயவனை வென்றவள் ஒரு பெண்ணாக இருந்தால், வென்ற பிறகு அவளுக்கு என்ன நேர்கிறது? கதாநாயகனைப் பற்றி இவ்விதம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவன் வாளை உறையில் போடுகிறான். கழுத்தில் மாலை விழுகிறது. பக்கத்தில் ராஜகுமாரி வந்து நிற்கிறாள். திரையில் 'சுபம்' என்ற எழுத்துத் தோன்றுகிறது. அவனுக்கு நாற்காலி முன்னதாகவே போட்டு வைத்திருக்கிறது. பெண்ணின் சங்கதி அப்படியல்ல. வில்லனை ஒழிக்கும் வரையில் கதைக்கு அவள் வேண்டியவளாக இருக்கிறாள். ஒழித்த மறுகணம் அவளை எங்கே கொண்டு வைப்பது என்று கதை எழுதினவருக்கே தெரிவதில்லை.

'வில்லன்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது எல்லாரும் அறிந்ததே. ஆதியில் அது பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த சொல். பண்ணைக்கு உடையவர்களின் பார்வையில் குடியானவன் இழிந்தவனாகி, நாளடைவில் அவன் பெயரே அயோக்கியனுக்குப் பெயராயிற்று. நம் மொழியிலோ 'வில்லி' என்றால் வில்லை ஏந்தியவன், வீரன். இன்று அந்த வில்லியைத் திரைப்படத்திலே கெட்ட பெண்ணுக்குப் பெயராக வைத்துவிட்டோம். வீரனுக்குரிய பெயர் ஸ்திரீயின்மேல் வந்து உட்காரும்போது மட்டும் நிந்தையாகிப் போனதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் யோசிக்கத் தக்க தற்செயல்தான்.

நிற்க. தமிழ்ப் படவுலகில் பெண்ணின் புத்தியால் வில்லன் வீழ்ந்த கதைகள் இல்லாமலில்லை. 1948-ல் எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொடியவனான சசாங்கனை மணப்பதாகச் சொல்லி, மண உற்சவத்துக்கு முரசு நடனம் ஒன்று வேண்டும் என்று கேட்பவள் சந்திரலேகா. பிரும்மாண்டமான முரசுகளின்மேல் பெண்கள் ஆடி முடிந்ததும், முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுகிறார்கள். சூழ்ச்சி முழுவதும் அவளுடையது, துணிச்சலும் அவளுடையது. ஆனால் முரசு திறந்த பிறகு நடப்பது என்ன? டி. ஆர். ராஜகுமாரி ஒதுங்கிக்கொள்கிறார், எம். கே. ராதாவும் ரஞ்சனும் வாளெடுத்து நெடுநேரம் சண்டை போடுகிறார்கள். அந்த வாட்போர் நேர்த்தியானதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வில்லனை முடிக்கிற கை ஆணின் கையாகத்தான் இருக்கவேண்டும் என்ற சம்பிரதாயம் அங்கே கொஞ்சமும் கலையவில்லை.

அந்தச் சம்பிரதாயம் கலைந்த படம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யைத்தான் சொல்லுகிறேன். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரும் டி. ஆர். சுந்தரமும் சேர்ந்து இயக்கிய படம். கதை வசனம் மு. கருணாநிதி. கதாநாயகன் எம். ஜி. ராமச்சந்திரன், சேனாதிபதி வீரமோகனாக. ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் வீரமோகனைவிட அதிகமாக ஞாபகம் வைத்திருப்பது இரண்டு பேரை: ராஜகுருவின் மகன் பார்த்திபனாக வந்த எஸ். ஏ. நடராஜனையும், மந்திரியின் மகள் அமுதவல்லியாக வந்த மாதுரி தேவியையும்.

பார்த்திபன் சாமானிய வில்லனல்லன். ராஜகுருவின் புதல்வன், படித்தவன், பேச்சிலே வல்லவன். சேனாதிபதி பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் இரவிலே கொள்ளைக் கூட்டத் தலைவனாகிறான். கொள்ளையையும் ஒரு கலை என்று வாதாடுகிறான். அமுதவல்லி அவனை நம்பி மணந்துகொள்கிறாள். நம்பியது மட்டுமல்ல, அவன் பிடிபட்டபோது தேவியின் சிலைக்குப் பின்னால் மறைந்து நின்று, அம்மனே பேசுவது போல் பேசி அவனைக் குற்றமற்றவனாக்குகிறாள். அதனால் நிரபராதியான வீரமோகன் நாடு கடத்தப்படுகிறான். பிற்பாடுதான் கணவனின் உண்மை சொரூபம் அவளுக்குத் தெரிய வருகிறது. தெரிந்துகொண்டவளை உயிரோடு விடலாகாது என்று அவன் இன்பமாகப் பாடிக்கொண்டே மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். ஜி. ராமநாதன் இசையமைத்து, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டை இன்றும் வானொலியில் கேட்டால் மனம் கிறங்கத்தான் செய்கிறது. கொலைக்கு அழைத்துப் போகும் பாட்டு அத்தனை இனிமையாக இருப்பதே அந்த வில்லனின் குணத்தைச் சொல்லிவிடுகிறது.

உச்சியிலே விஷயம் வெளிப்படுகிறது. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வந்து வணங்க அனுமதி கேட்கிறாள் அமுதவல்லி. அவன் சம்மதிக்கிறான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் பின்புறம் வந்தவள் அவனைப் பாதாளத்தில் தள்ளிவிடுகிறாள்.

இந்தக் காட்சியின் ஜீவன் அந்த வலம் வருதலில் இருக்கிறது. பார்த்திபன் எல்லாச் சூதும் அறிந்தவன், யாரையும் நம்பாதவன். அவன் நம்பிய ஒரே பொருள் மனைவியின் பதிபக்திதான். தன்னைக் கொல்லப் போகிறவனையும் ஒரு பெண் வலம் வந்து வணங்குவாள் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் எழவில்லை. உலகத்தில் உள்ள சகல தர்மங்களையும் பரிகசித்தவன், தனக்கு சௌகரியமான அந்த ஒரு தர்மத்தை மட்டும் பரிபூரணமாக நம்பினான். அந்த நம்பிக்கை பின்னாலிருந்து அவனைத் தள்ளிற்று.

அதன் பிறகு? அமுதவல்லி அரசசபைக்கு வந்து உண்மைகளைச் சொல்லுகிறாள். பார்த்திபனின் தந்தையான ராஜகுருவின் கையால் அங்கேயே உயிர் விடுகிறாள். வீரமோகனும் ராஜகுமாரியும் மிஞ்சுகிறார்கள். சுபம்.

மலையுச்சியிலே கை தட்டியவர்களின் கை ஓய்வதற்குள் அவள் போய்விடுகிறாள். 'மந்திரி குமாரி' என்று படத்துக்குப் பெயர் கொடுத்தவள் அவளே. வில்லனை வீழ்த்தியவள் அவளே. சத்தியத்தைச் சொன்னவளும் அவளே. ஆனால் கடைசிக் காட்சியில் அவளுக்கு இடமில்லை.

இக்கதை படத்துக்காகப் புதிதாகப் புனைந்ததல்ல. இதன் மூலம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றியதாகச் சொல்லப்படும் அந்தப் பௌத்த காவியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சியவை 19 பாட்டுக்கள் மாத்திரமே. ஆயினும் கதை அழியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அதன் எதிர்க் கட்சிக்காரர்கள். குண்டலகேசியைக் கண்டிப்பதற்கென்றே சமணர்கள் நீலகேசி என்ற நூலைச் செய்தார்கள்; அதற்கு வாமன முனிவர் எழுதிய உரையில், கண்டிக்கவேண்டிய கதையை முதலில் எடுத்துச் சொல்லுகிறார். வாதத்தில் எதிரியின் பேச்சை நேர்மையாக எடுத்துரைக்கும் அந்தப் பண்பு இல்லாதிருந்தால் இன்று நமக்குக் குண்டலகேசி என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

தமிழ்க் கதையில் நாயகியின் பெயர் பத்திரை. வணிகர் குலத்துப் பெண் என்பர். அமைச்சன் மகள் என்று சொல்வாரும் உண்டு. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவனை மாடத்திலிருந்து கண்டு அவன்மேல் காதல் கொள்கிறாள். தந்தை எப்படியோ அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். சில காலம் இன்பமாகக் கழிகிறது. ஒரு நாள் ஊடலின்போது விளையாட்டாக, நீ கள்வன்தானே என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான்! அந்த ஒரு சொல் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொல்லும் எண்ணத்துடன் மலைக்கு அழைத்துப் போகிறான். அப்புறம் நடந்ததை நாம் அறிவோம்.

இதற்கும் மூத்த வடிவம் பாலி மொழியில் இருக்கிறது. புத்தர் காலத்துப் பிக்ஷுணிகள் பாடியவையாக வழங்கும் பாட்டுக்களின் தொகுதி தேரீகாதை. அதில் பத்தா குண்டலகேசா என்பவளின் பாட்டுக்களும் உள்ளன. அத்தொகுதிக்கு உரை கண்ட தருமபாலரைக் காஞ்சிபுரத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபு ஒன்று உண்டு. கதை தமிழ் நாட்டுக்கு வந்த வழியில் அவர் போன்றவர்களின் காலடிகளும் பதிந்திருக்கலாம். பாலி உரைகள் சொல்லும் கதையில் அவள் இராஜகிருக நகரத்துச் செல்வரின் மகள். கள்வன் பெயர் சத்துகன்; அரசனுடைய புரோகிதனின் மகன். (திரைப்படத்தின் ராஜகுருவும் அவர் மகனும் நினைவுக்கு வருகிறார்களா?) இங்கே ஊடலும் இல்லை, முள்ளாகத் தைத்த சொல்லும் இல்லை. சத்துகன் விரும்பியது அவள் நகைகளை. மலைத் தேவதைக்கு நேர்ந்துகொண்ட பலியைச் செலுத்தவேண்டும் என்று பொய் சொல்லி, சகல ஆபரணங்களும் பூண்டு வரச் செய்து, உச்சியில் அவற்றைக் கழற்றச் சொல்லுகிறான். நகையும் உன்னுடையது, நானும் உன்னுடையவள்தானே என்று அவள் மன்றாடிப் பார்க்கிறாள். பயனில்லை. கடைசியாக ஒரு முறை அலங்காரத்தோடு உன்னைத் தழுவிக்கொள்ளவேண்டும், வலம் வந்து வணங்கவேண்டும் என்கிறாள். முன்னே தழுவுகிறாள், பின்னே தழுவுவது போல் வந்து தள்ளிவிடுகிறாள்.

தமிழ் வடிவத்தைவிட இது எனக்கு உவப்பானது. தமிழ்க் கதையில் அவள் சொன்ன ஒரு பரிகாச வார்த்தை காரணமாக வைக்கப்படுகிறது. அதைக் கேட்ட உடனே, அவள் வாயை அடக்கியிருந்தால் இவ்வளவு நேர்ந்திருக்குமா என்று சொல்லச் சிலருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. வீடுகளில் நடக்கும் அநேக கொடுமைகளுக்கு இன்றும் இந்தச் சமாதானம்தான் சொல்லப்படுகிறது. பாலிக் கதை அந்தச் சந்தை அடைத்துவிடுகிறது. அவன் திருடன்; திருடனாகவே இருந்தான்; அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் அதுதான் நடந்திருக்கும்.

அந்த மலையில் வசித்த தேவதை இதைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். தள்ளியவளை அது சபிக்கவில்லை. எல்லா இடத்திலும் ஆண்பிள்ளையே அறிவாளி என்பதில்லை, கூர்ந்து பார்க்கும் பெண்ணும் அறிவாளிதான் என்று பாராட்டியதாக உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஜாதகக் கதைகளில் வரும் சுலசை என்ற கணிகைக்கும் இதே சம்பவம் நேர்கிறது. அங்கேயும் தேவதையின் பாராட்டு உண்டு. தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காகக் கணவனைத் தள்ளிய பெண்ணை, இரண்டாயிரம் வருஷத்துப் பழமை பேசும் நூல்கள் எத்தனை நிதானத்துடன் நோக்கின என்று பாருங்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது அதற்கடுத்த பகுதி. கள்வன் விழுந்துவிட்டான். அவள் மட்டும் தனியாக உச்சியில் நிற்கிறாள். வீட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறாள். போனால் உன் கணவன் எங்கே என்று கேட்பார்கள். கொன்றுவிட்டேன் என்றால், ஆயிரம் பொன் கொடுத்து மீட்கச் சொன்னவளும் நீ, கொன்றவளும் நீயா என்று நாக்கினாலேயே குத்துவார்கள். நகைக்காக என்னைக் கொல்லப் பார்த்தான் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இவ்வளவையும் அவள் எண்ணிப் பார்த்ததாக உரை கூறுகிறது. கத்தியில்லாத அந்த மலையுச்சியில், வில்லன் செத்த பிற்பாடு அவள் அஞ்சியது நாக்குகளுக்கு!

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "அப்பா வீட்டுக்குப் போகக் கூடாதா, டீச்சர்? அப்பாதானே செல்லமாக வளர்த்தார்?" என்று கேட்டாள். மற்றொருத்தி உடனே, "அப்பா சேர்த்துக்கொள்வார். தெருவில் இருப்பவர்கள்?" என்றாள். உரையாசிரியர் சொன்னதை அவர்களுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்களுக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது.

பத்தா வீட்டுக்குப் போகவில்லை. சாகவும் இல்லை. சமணத் துறவியரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர்கள் மரபின்படி பறித்த தலைமயிர் சுருள் சுருளாக மறுபடி வளர்ந்தபடியால் குண்டலகேசி என்று பெயர் பெற்றாள். அவர்களிடம் கற்கவேண்டியதைக் கற்று முடித்ததும் ஊர் ஊராகப் புறப்பட்டாள். ஒவ்வோர் ஊரின் வாயிலிலும் மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு நாவற்கிளையை நட்டு வைப்பாள். என்னோடு வாதம் செய்ய வல்லவர் இதை மிதிக்கட்டும் என்று பக்கத்திலே விளையாடும் சிறுவர்களிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஏழு நாள் வாடாமல் நின்றால் கிளையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர். யாரும் அவளுக்கு எதிர் நிற்க முடியவில்லை.

சிராவஸ்தி நகரத்தில்தான் கிளை மிதிபட்டது. மிதிக்கச் சொன்னவர் புத்தரின் தலைசிறந்த சீடரான சாரிபுத்தர். ஊரே திரண்டு வந்தது. அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் விடை சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒன்று என்பது எது? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள், கற்றுக்கொள்ள விரும்பினாள். புத்தர் 'வா, பத்தா' என்று அழைத்ததே அவளுக்குத் தீக்ஷை ஆயிற்று. விரைந்து உணரும் அறிவில் பிக்ஷுணிகளுள் முதன்மையானவள் என்று அவர் அவளைச் சிறப்பித்தார். அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் என்னும் தேசங்களில் ஐம்பது ஆண்டுகள் திரிந்து, யாருக்கும் கடன்படாமல் உண்டேன் என்று தேரீகாதையில் அவளே சொல்லுகிறாள்.

ஐம்பது ஆண்டுகள்! திரைப்படத்து அமுதவல்லிக்கு மலையிலிருந்து இறங்கிய பிறகு கிடைத்ததோ சில நிமிஷங்கள். வீரம் என்பது ஒரு கணத்தில் தள்ளிவிடுவது மாத்திரந்தானா? தள்ளியவள் இறங்கி வந்து, படித்து, வாதாடி, தோற்று, மறுபடி கற்று, கிழவியாகும் வரையில் வாழ்ந்தாள் என்பதில் இல்லாத வீரமா? கதாநாயகனின் வீரத்தை அளக்க ஒரு சண்டை போதும் என்று நாம் பழகிவிட்டோம். பத்தாவின் கதை வேறு அளவுகோலைக் காட்டுகிறது. அவளுடைய தோல்விகூட அவளைச் சிறுமைப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தோற்ற கதாநாயகியைச் சிறுமைப்படுத்தாத கதையை நம் படங்களில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

தமிழில் இந்தக் கதைக்கு இன்னொரு சுவையான வாலும் உண்டு. நீலகேசியின் நாயகி யார் தெரியுமா? பழையனூர்ப் பேய்! நாட்டுக் கதைகளில் குழந்தைகளைப் பயமுறுத்தும் பழையனூர் நீலியைத்தான் சமண ஆசிரியர் எடுத்துக்கொண்டு, ஒரு முனிவரால் மனம் திருந்தச் செய்து, பெரும் பண்டிதையாக்கி, ஊர் ஊராக வாதுக்கு அனுப்புகிறார். அந்த நீலகேசி வந்து குண்டலகேசியோடு வாதிட்டு வெல்கிறாள். கணவனைத் தள்ளியவள் ஒரு பக்கம்; பேயாகத் திரிந்தவள் ஒரு பக்கம். இன்றைய படமாக இருந்தால் இருவரும் வில்லிகள். அந்நாளைய நூல்களிலோ இருவரும் தர்க்கம் செய்கிறார்கள். பொருள்களின் நிலையாமை பற்றியும் உயிரின் இயல்பு பற்றியும் விவாதம் நடக்கிறது. 1936-ல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியைப் பதிப்பித்து வெளியிட்டார். கடினமான நூல்தான், ஆயினும் ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

பழைய நூல்கள் எல்லாமே இப்படித் தாராளமானவை என்று நான் சாதிக்க வரவில்லை. கண்ணகி பாண்டியனை வென்றாள், மதுரையை எரித்தாள். பதினான்கு நாள் கழித்து வேங்கை மரத்தடியிலிருந்து விண்ணுலகம் போய்விடுகிறாள். தெய்வமாக்கிக் கோயில் எடுத்தார்கள். பெரிய மரியாதைதான். ஆனாலும் மண்ணில் அவளுக்கு இடமில்லை. 1942-ல் வந்த 'கண்ணகி' படத்தில் கண்ணாம்பா பேசிய இளங்கோவனின் வசனங்களைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரும், மறுநாள் கண்ணகி எங்கே உறங்கினாள், என்ன உண்டாள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். மணிமேகலையில் இன்னொரு விதம். உதயகுமாரன் அவளைத் துரத்துகிறான். காஞ்சனன் என்ற வித்தியாதரனின் வாளால் சாகிறான். சிறைக்குப் போவது யார்? மணிமேகலை. துரத்தியவன் செத்ததற்கும் துரத்தப்பட்டவளே ஜவாப்தாரி!

ஆனால் மணிமேகலை சாகவில்லை. அமுதசுரபியை ஏந்தி ஏழைகளின் பசி தீர்க்கிறாள். பத்தாவுக்கும் அவளுக்கும் கதை முடியாமல் தொடர்ந்ததற்குக் காரணம், அவர்கள் போய்ச் சேருவதற்கு வீட்டைத் தவிர வேறோர் இடம் இருந்தது. சங்கம் என்ற அந்த இடம் கணவன் எங்கே என்று கேட்கவில்லை. எத்தனை படித்தாய் என்று கேட்டது. 1950-ல் படம் எடுத்தவர்கள் பிக்ஷுணிச் சங்கத்தை விலக்கிவிட்டார்கள். ராஜா ராணிக் கதையில் பௌத்த மடம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். மடத்தை எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. அதனால் அவளைக் கொன்று விடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. அம்மன் குரலில் பொய் சொன்ன பாவத்துக்குத் தண்டனை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பொய் சொன்ன கதாநாயகர்களை நம் படங்கள் எத்தனை சுலபமாக மன்னித்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

வேறு இடம் என்ன இருக்கமுடியும் என்று கேட்பவர்களுக்கு, அதற்குப் பதினொரு வருஷம் முந்தியே ஒருவர் விடை சொல்லியிருந்தார். 1939-ல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி'. கல்கியின் கதை, ஆனந்த விகடனில் படக் காட்சிகளோடு தொடர்கதையாக வந்தது. ஸாவித்திரியைக் கைவிட்ட கணவன், அவள் உமாராணி என்ற பெயரில் செல்வச் சீமாட்டியானதும், தன்னோடு வந்து வாழவேண்டும் என்று வழக்குப் போடுகிறான். எஸ். டி. சுப்புலக்ஷ்மி கோர்ட்டில் நின்று, அவனோடு வாழ முடியாது, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்று சொன்னபோது, கொட்டகையில் இருந்த கணவன்மார் பலர் நாற்காலியில் நெளிந்திருப்பார்கள். இங்கே மலையுச்சியும் இல்லை, பாதாளமும் இல்லை. வில்லன் என்று பார்த்தால் சாதாரணமான, நல்ல உடுப்பு உடுத்த ஒரு கணவன். ஸாவித்திரி அவனைத் தள்ளவில்லை, விலக்கினாள். விலக்கிய பிறகு செத்துப் போகவும் இல்லை. தேச சேவைக்குப் போகிறாள். அன்றைய பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே திறந்திருந்த பெரிய வாசல் அது. ஆங்கில சர்க்கார் அப்படத்தைத் தடை செய்தது. அவர்கள் அஞ்சியது அதிலிருந்த தேசியத்துக்கு. ஸாவித்திரியின் ஜீவனாம்சப் பேச்சுக்கு அஞ்சியவர்கள் வேறு பலர். அவர்கள் கையில் தடை அதிகாரம் இல்லை.

வில்லியரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தீயவள் ஒருத்தியைக் கதாநாயகன் எப்படி ஒழிப்பது என்பது பெரிய தர்மசங்கடம். கம்பர் காலத்திலேயே இது இருந்தது. தாடகை எதிரே வருகிறாள். பெண் என்பதற்காக இராமன் அம்பைத் தொடவில்லை. இவளைப் பெண் என்று கருதலாகாது என்று விசுவாமித்திரர் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. முதலில் பெண் என்ற பெயரைக் கழற்றினால்தான் கொல்ல முடியும் போலும். 1999-ல் வந்த 'படையப்பா'வில் விசுவாமித்திரர் இல்லை. ஆகவே ரம்யா கிருஷ்ணன் நடித்த நீலாம்பரி தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறாள்; கதாநாயகனின் கையில் கறை படியவில்லை. நீலி, நீலகேசி, நீலாம்பரி என்று பெயர் மட்டும் ஒரே வம்சமாக வருகிறது. ஆனால் பேயாயிருந்த நீலிக்குக் கிடைத்த இரண்டாம் வாழ்க்கை, படித்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய நீலாம்பரிக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பெரிய வகுப்புப் பெண்கள் இந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். கள்வன் விழுகிற காட்சியோடு திரையை விட்டுவிடலாம், கைதட்டல் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. அதற்குப் பிறகுதான் கதையே என்பது இன்னொரு கட்சி. முந்தின கட்சி முடிவாகத் தோற்கவில்லை. ஒத்திகை நாள் வரையில் சண்டை நடந்தது. கடைசியில் ஒருத்தி எழுதிக் கொண்டு வந்த ஊர்வாயில் காட்சி சேர்க்கப்பட்டது. நாவல் மரம் எங்கள் தோட்டத்தில் இல்லாததால் வேப்பங்கிளையை ஒடித்து வந்தார்கள். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் இரண்டு வாளி கேட்டு வாங்கினார்கள். ஒன்று என்பது எது என்ற கேள்விக்கு விடை என்ன என்று கேட்டுப் பதினைந்து நாள் என்னைத் துளைத்தெடுத்தார்கள். எல்லா உயிர்களும் உணவால் நிலைபெறுகின்றன என்பதே மரபு வழி வந்த விடை என்று சொன்னபோது, இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார்கள். பிறகு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை நாடகத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மலையுச்சி இரண்டு பெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே அது.